கேட்காமல் குடித்த கஞ்சி

இலையைப் போட்டாயிற்று. தண்ணீர் தெளித்துக் கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தும் ஆயிற்று. இனி நடுவில் எழுந்து போக முடியாது என்பது தாரணிக்குத் தெரியும். அவர்கள் சொந்தபந்தத்துப் பந்தியில் கடைசி ஆள் மோர்ச் சோற்றை முடித்து இலையை மடிக்கும்வரை யாரும் எழமாட்டார்கள். பாதியில் எழுந்தால் பக்கத்தில் சாப்பிடுகிறவரை அவமதித்த மாதிரி, சோறு போடுகிற வீட்டாரின் முகத்திலடித்த மாதிரி. இந்த ஒரு வழக்கத்துக்குப் பயந்தே எத்தனையோ கல்யாணங்களுக்கு அவள் டிமிக்கி கொடுத்திருக்கிறாள். தலைவலி, பரீட்சைப் பேப்பர், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்று சொல்லிச் சொல்லி, சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லாமல் போனது. இன்று கோபியில் பெரியப்பா மகன் கல்யாணம், தானாகவே வருகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறாள். வந்தது மட்டுமா, முகூர்த்தம் முடிந்ததும் "பந்திக்குப் போலாமாம்மா" என்று அவளே கேட்டாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரைப் பார்த்துத் தாரணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நாளெல்லாம் பட்டினி கிடப்பதும், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் தின்பதும், தின்றதை உள்ளே தங்கவிடாமல் செய்வதுமாகக் காலேஜ் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட நோய் அது. சொந்தக்காரர்களுக்கு அம்மா வைத்த பெயர் வயிற்றுக் கோளாறு. கோயமுத்தூர் கல்பனா டாக்டர்தான் அதன் நிஜப் பெயரைச் சொல்லி, மருந்து கொடுத்து, மணிக்கணக்காகப் பேசி, வேளைக்கு வேளை சாப்பிடுகிற மனுஷியாக அவளை மாற்றினார். சாப்பிட ஆரம்பித்ததும் உடம்பு ஏறியது, ஏறட்டும் என்றார். அப்புறம் முட்டி வலியும் ரத்தத்தில் சர்க்கரையும் எட்டிப் பார்த்தபோது, கொஞ்சம் இறங்கினால் நல்லதுதான், ஆனால் நீங்கள் அதைத் துரத்தக் கூடாது, மூன்று வேளையும் சாப்பிடுங்கள், சாயந்தரம் சுண்டலோ பழமோ சாப்பிடுங்கள், நடங்கள், அது இறங்குகிறபோது இறங்கட்டும் என்றார். வாய்க்கால் மேட்டில் அம்மாவோடு பேசிக்கொண்டே நடந்தாள். இறங்கியது. மெதுவாக, யாரும் துரத்தாமல், அவளே கவனிக்காத நேரத்தில் இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் உடம்பும் தானும் ஒரே கட்சி என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் அம்மாவின் தங்கச்சி பேபிச் சின்னம்மா, நடுவில் அவள். மின்விசிறிக் காற்றில் இலை நுனி எழுந்து எழுந்து விழ, அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, உப்பு வைக்கிறவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது, இனிப்புக்கு ஒப்புட்டுப் போளி வந்தது. ஒப்புட்டைப் பார்த்தால் முன்பெல்லாம் நெஞ்சு படபடக்கும். இன்றைக்கு அது வெறும் ஒப்புட்டாக, ஓரத்தில் கொஞ்சம் கருகி, நெய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். நல்ல ஒப்புட்டுதான். அப்போதுதான் பேபிச் சின்னம்மா அவள் இலைக்கு மேலாகவே சாய்ந்து அம்மாவிடம் பேசினாள். "அக்கா, பொடி தீந்திருந்தாச் சொல்லு, இன்னொரு டப்பா குடுத்துடறேன். பாரு, அம்மிணிக்கு மூஞ்சி எப்பிடி வடிஞ்சு அழகா ஆயிடுச்சு." அம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ சும்மா இரு பேபி" என்றாள், குரலே எழும்பாமல். சின்னம்மாவா சும்மா இருப்பாள். வாய் ஓய்ந்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். "நல்லதச் சொல்றதுக்கு என்னக்கா? கஞ்சில போட்டா ருசியே தெரியாதுன்னு நாந்தான் சொன்னேன். ஏங் கண்ணு, உனக்கு ஏதாச்சும் ருசி தெரிஞ்சுதா?" தாரணி வாயிலிருந்த ஒப்புட்டை விழுங்கவில்லை, துப்பவுமில்லை. "என்ன பொடிங்க சின்னம்மா?" என்றாள். "அதுதான், உடம்பு இளைக்கற பொடி. நாட்டு மருந்துதான், எல்லாம் தழையும் வேருந்தான். நான் எங்க பக்கம் எத்தனை பேத்துக்குக் குடுத்திருக்கறேன். மொதல்ல கொஞ்ச நாளைக்கு வயிறு போகும், அப்பிடியே அழுக்கெல்லாம் இறக்கிரும். ஏன், உங்கம்மா சொல்லலியா?" உங்கம்மா சொல்லவில்லை. உங்கம்மா இலையைப் பார்த்துக்கொண்டு, இல்லாத ஒரு தூசியை அதிலிருந்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். பொரியல் கொண்டுவந்தவர் மூன்று பேருக்கும் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்.

வயிறு போகும். கொஞ்ச நாளைக்கு வயிறு போகும். தாரணிக்கு அந்த வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றுகொண்டது. மாசியில் ஆரம்பித்தது அது. முதல் பாட வேளையில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதே அடிவயிற்றைப் பிசையும், பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஓடுவாள். வேதியியல் டீச்சர், எந்த உப்பில் எதைச் சேர்த்தால் என்ன நிறம் வரும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், தன் கஞ்சியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அறியாதவள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் சொன்னாள், வேறு யாரிடம் சொல்வாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பால் ஒத்துக்கலையோ என்னமோ என்றாள். பாலை மாற்றினாள். மெனக்கெட்டு வேறு ஆளிடம், எருமைப் பால் வேண்டாம் பசும்பால் கொடுங்கள் என்று வாசலில் நின்று சொல்லி மாற்றினாள். தாரணி அதை ஜன்னலிலிருந்து கேட்டு, அடடா எனக்காக இந்த அம்மா என்ன பாடு படுகிறாள் என்று உருகினாளே, அந்த உருக்கத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. கஞ்சி. அந்தக் கஞ்சியைப் போல அவள் எதையும் நம்பியதில்லை. வைத்தியம் தொடங்கியபோது டாக்டர் போட்ட முதல் ஒழுங்கே அதுதான்: கொஞ்ச காலத்துக்குச் சமையலறைக்குள் போகாதீர்கள், என்ன போட்டீர்கள், எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்காதீர்கள், அம்மா வைப்பதை அப்படியே சாப்பிடுங்கள், சந்தேகம் வந்தால் அது நோய் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என்ன பாடு பட்டாள் அதற்கு. அடுப்படியில் கரண்டி சத்தம் கேட்டால் கூடத்தில் உட்கார்ந்து விரலை விரலால் நெரித்துக்கொள்வாள். எழுந்துபோய் எட்டிப் பார்க்காமலிருக்க நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு குடித்தாள். பிறகொரு காலை பேப்பரைப் படித்துக்கொண்டே குடித்து முடித்துவிட்டு, ஐயோ, நான் நினைக்காமலே குடித்துவிட்டேனே என்று தானே ஆச்சரியப்பட்டு அம்மாவிடம் ஓடிச் சொன்னாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். பொடி அதற்கு அப்புறம்தான் வந்திருக்க வேண்டும். கேட்க மாட்டாள் என்று நிச்சயமானபின். டாக்டரும் அவளுமாகச் சேர்ந்து அரும்பாடுபட்டுத் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் அம்மா நுழைந்திருக்கிறாள்.

"பருப்புங்க, நெய்யிங்க" என்று வந்தார்கள். சோறு ஆவி பறக்க விழுந்தது. அவள் போதும் என்று கையைக் காட்டவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, அவர்பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். சோற்றின் நடுவில் குழி பறித்துப் பருப்பை ஊற்றியதும் நெய் அதில் மெல்லப் பரவியது. சாப்பிடாதே என்றது அது, அவளுக்குள்ளிருந்து பேசுகிற அந்த நோய். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை, டாக்டர் வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை, பெயர் வைத்தால் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடும் என்று வெறுமனே அது என்றே விட்டிருந்தாள். ரொம்ப நாளாகக் குரலைக் காணோம், தொலைந்தது சனியன் என்று நினைத்தாள். அது எங்கேயும் போகவில்லை, உள்ளேயே உட்கார்ந்து இந்தச் சமயத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறது. நான் சொன்னேனல்லவா என்றது. யாரையும் நம்பாதே, அடுத்தவர் கையிலிருந்து எதையும் வாங்காதே, உள்ளே போகிறது ஒன்றொன்றையும் நீயே பார், நீயே கணக்குப் பார் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, என்னை நோய் என்றீர்கள், நீயும் உன் டாக்டரும் உன் அம்மாவும் சேர்ந்து. இப்போது யார் சொன்னது சரி? பயங்கரம் இதுதான். அத்தனை வருஷமும் பொய்யையே சொல்லிவந்த அது இன்றைக்கு ஒன்றே ஒன்று உண்மையாகச் சொல்லிவிட்டது, அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு மிச்சப் பொய்யெல்லாம் உள்ளே வரப் பார்க்கிறது. இப்போது இந்தச் சோற்றைத் தொடாமல் வைத்தால் ராத்திரியும் தொட மாட்டாள், நாளைக்கும் தொட மாட்டாள், அந்த வழி அவளுக்குத் தெரிந்த வழி, ஒவ்வொரு வளைவும் தெரியும். இன்றைக்கு இந்த இலையில் கை வைக்கவில்லையென்றால் திரும்பி வர இன்னும் எத்தனை வருஷமோ, வருவாளோ மாட்டாளோ. இதுவும் தெரியும். தெரிந்தும் கை மடியிலேயே கிடந்தது. இல்லை, சாப்பிட்டுவிடலாம், சாப்பிட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அது குரலை மாற்றிக் குழைந்தது, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பாத்ரூம் இருக்கிறது, வரும்போது பார்த்தாயல்லவா. பார்த்தாள். பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பார்த்திருந்தாள். தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள், தண்ணீரும் ஒரு கணம் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

சரி, கஞ்சியோடு விட்டாளா. கஞ்சியோடு விட்டிருந்தால்கூட, போகட்டும், ஒரு தாயின் மடத்தனம் என்று மனசு ஆறியிருக்கும். ஆனால் அந்த அறை. கல்பனா டாக்டரின் அறை, பச்சைத் திரை, மேஜைமேல் கைக்குட்டைக் காகிதப் பெட்டி. போன மாதம். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். உப்புச்சத்து எல்லாம் குறைந்திருக்கிறது என்றார். பேதிக்கு எதுவும் எடுத்துக்கொள்கிறீர்களா தாரணி? நான் திட்ட மாட்டேன், மறைக்காமல் சொல்லுங்கள், திரும்ப ஆரம்பித்துவிட்டதா? இல்லைங்க டாக்டர். நிஜமாகவா? நிஜமாகத்தாங்க. டாக்டர் காகிதத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். நம்பவில்லை. எப்படி நம்புவார், இந்த நோய்க்காரர்கள் பொய் சொல்வார்கள், தாரணியே அதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், அந்தப் பழைய பொய்களெல்லாம் வரிசையாக வந்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லின. அப்போது அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே தாரணியின் முழங்கையைத் தொட்டு, "இருந்தாச் சொல்லிரு கண்ணு, டாக்டரம்மா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றாள். சொல்லிரு கண்ணு. அந்த வாய் அப்படிச் சொன்னது. அன்றைக்குக் காலையிலும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். தாரணி அன்றைக்கு அம்மாவின் கண்ணீரைப் பார்த்துத் தன்மேலேயே சந்தேகப்பட்டாள். தூக்கத்தில் எழுந்து எதையாவது எடுத்துக்கொள்கிறேனோ, எனக்கே தெரியாமல் அது என் கையை வைத்துச் செய்கிறதோ என்று பயந்து, வீட்டுக்கு வந்து தன் கைப்பையைத் தானே கவிழ்த்துக் கொட்டித் தேடினாள், பீரோவில் தேடினாள், புடவை மடிப்பில் தேடினாள். தன்னைத் தானே திருடியைத் தேடுவதுபோலத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுகூட அவளுக்குச் சாதகமாகத் தெரியவில்லை, எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்துவைத்திருக்கிறேனோ என்றுதான் தோன்றியது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்ற பழைய ஒழுங்கைத் திரும்பவும் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். தாழ்ப்பாளைக் கழற்றியது அம்மா. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருக வராமல் திருகித் திருகி, புறங்கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே அம்மாவின் செருப்பில்லாத காலடி வந்து நிற்கும். உள்ளே முப்பத்திரண்டு வயதுப் பெண், வெளியே காவல். அந்தக் காலடியைக் கேட்டுக் கூசிக் குறுகி, தண்ணீரை வேண்டுமென்றே சத்தமாக ஊற்றி, நான் குளிக்கத்தான் செய்கிறேன் என்று அவள் நிரூபித்துக்கொண்டிருந்தாளே. யாரிடம்?

"கண்ணு, சாப்பிடு, ஆறுது" என்றாள் அம்மா. கண்ணு. தாரணி திரும்பினாள். அம்மாவின் மூக்குத்தி, காதோரம் சாயம் போன முடி, கல்யாணத்துக்கென்று கட்டியிருந்த மாம்பழ நிறப் பட்டு. இந்த முகம் அவளுக்கு எதிரி முகமாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "எப்ப இருந்தும்மா?" என்று கேட்டாள். பந்தி இரைச்சலில் அது அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. "இங்க வேண்டாம் கண்ணு. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்." "எப்ப இருந்து?" அம்மா பருப்புச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், பிசைந்தது பிசைந்தபடி இருக்க வாய்க்குப் போகவில்லை. "ஒரு ஜாதகம் கூடி வந்துச்சு. நல்ல எடம். அவிய இன்னிக்கு வந்திருக்கறாங்க, எதுத்தாப்புல மூணாவது எலை. உன்னப் பாக்கோணும்னாங்க. மெதுவா இறங்கட்டும், மெதுவா இறங்கட்டும்னு டாக்டரம்மா சொல்றாங்க, அவியளுக்கென்ன. எனக்குத்தான தெரியும். நீ நல்லா இருக்கோணும்னுதான கண்ணு." தாரணி எதிர் வரிசையைப் பார்க்கவில்லை. மூன்றாவது இலையில் யார் இருந்தால் என்ன. அப்படியானால் அவள் இறங்கியது என்று நினைத்ததில் எது அவளுடையது? வாய்க்கால் மேட்டு நடையா, பயந்து பயந்து பழகிய மூன்று வேளைச் சாப்பாடா, இல்லை வெறும் பேதியா? நடக்கும்போது கூடவே நடந்தாயே அம்மா, கொக்கைக் காட்டினாயே, சாயந்தரக் காற்று நல்லதுடி என்றாயே, அப்போதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தச் சின்னச் சந்தோஷத்தில்கூட இப்போது மண் விழுந்துவிட்டது. நல்லதை எடுத்துக் கெட்டதைத் தள்ள வழியில்லாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயிற்று. "டாக்டர் என்னைக் கேட்டப்ப நீ பக்கத்துலதான இருந்தே" என்றாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்ப எப்பிடிச் சொல்றது? என்னத் திட்டுவாங்கல்ல." அவ்வளவுதான் காரணம். திட்டுவார்கள் என்று. சின்னப் பிள்ளை கண்ணாடிச் சாமானை உடைத்துவிட்டுச் சொல்கிற காரணம். அதற்காக மகளைக் கூண்டில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று அழுதிருக்கிறாள். "அதுக்குப் பொறகு நீ ரொம்ப அழுதியா, எனக்கு மனசு கேக்கல. பாதியாக் கொறைச்சுட்டேன்" என்றாள் அம்மா, அதைச் சொன்னால் மகள் சமாதானமாகிவிடுவாள் என்று நிஜமாகவே நம்பினவளாக. பாதி. தாரணிக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. இடப்பக்கம் பேபிச் சின்னம்மா ஒன்றையும் கவனிக்காமல் இன்னொரு வடை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

சாம்பார் வாளி வந்தது. போனது. அம்மா குனிந்து, இன்னும் தாழ்வாக, "டாக்டரம்மாகிட்ட இதச் சொல்லோணுமா கண்ணு? நமக்குள்ள இருக்கட்டும். பொடிய இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன், சாமி சத்தியமா" என்றாள். தூக்கிப் போடுவாள், நம்பலாம். அப்புறம் வேறு யாராவது வேறெதையாவது சொல்வார்கள், லேகியமோ கஷாயமோ, நல்லதுக்குத்தான் என்பார்கள், அம்மா கரண்டியை எடுப்பாள். நாளைக் காலையில் கஞ்சி வரும், அது வெறும் கஞ்சியாகவே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு தாரணி உட்கார்ந்திருப்பாள், இதற்குள் என்ன இருக்கிறதோ என்று. அந்த ஒரு நினைப்பில்தான் எரிச்சலும் துக்கமும் ஒன்றுசேர்ந்து பொங்கின. இவள் பிடுங்கிக்கொண்டது உடம்பையல்ல, அந்தக் காலைப் பேப்பரை, நினைக்காமல் குடித்த அந்தக் கஞ்சியை. அதை அவளுக்கு இனி யார் திருப்பித் தருவார்கள்? யாரும் தர மாட்டார்கள், வேளாவேளைக்கு அவளே முதலிலிருந்து செய்துகொள்ள வேண்டியதுதான், அரிசி களைவதிலிருந்து. பார்த்தாயா என்றது அது, எழுந்திரு, இலையை மூடு. தாரணி அதையும் கேட்டாள், அம்மாவையும் கேட்டாள். ஒன்று சாப்பிடாதே என்கிறது, ஒன்று எனக்குத் தெரியாமல் என் வயிற்றில் எதையோ போட்டது. இரண்டுக்கும் என் உடம்பு அவரவர் இஷ்டத்துக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் என் நல்லதுக்குத்தான் என்கின்றன. அவள் இலையைப் பார்த்தாள். இந்தச் சோறு மண்டபத்துப் பின்னால் அண்டாவில் வடித்த சோறு. இதை வடித்த மனுஷருக்கு அவள் யாரென்றே தெரியாது, அவள் இளைத்தால் என்ன பருத்தால் என்ன, அவருக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. எதிர் வரிசைக்கும் இதே சோறு, மாப்பிள்ளைக்கும் இதே சோறு. அக்கறை இல்லாத சோறு. அது இப்போது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யாரிடம் சொன்னால் புரியும். பசித்தது. அழுகைக்கும் கோபத்துக்கும் அடியில், யாரையும் கேட்காமல், சாதாரணமாகப் பசித்தது. கை மடியிலிருந்து எழுந்து பருப்புச் சோற்றைத் தொட்டது. முதல் கவளம் களிமண்ணாக இறங்கியது. மென்றாள். இரண்டாவதில் உப்பு தெரிந்தது. மூன்றாவதில் நெய் மணத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்து மூக்கோரமாக வழிந்து வாய்க்கு வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினாள். பாத்ரூம் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்க்கவில்லை, அவ்வளவு போதும்.

"அம்மா" என்றாள், இலையைப் பார்த்தபடியே. "டாக்டர்கிட்ட நான் சொல்லுவேன். இனிமே நீ எனக்கு ஆக்கிப் போட வேண்டாம். உன்ற கையால நான் சாப்பிட மாட்டேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உப்பு வேண்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அம்மாவின் விரல்கள் பிசைந்த சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டன. மறுபேச்சு வரும், கண்ணீர் வரும், பெத்தவகிட்டப் பேசற பேச்சாடி இது என்று வரும் என்று தாரணி காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவத்துக்கும் இப்போது ஒன்றும் செய்ய முடியாது. இலையில் சோறு தீர்ந்திருந்தது. அடுத்து ரசம் வருகிறது என்று குரல் கேட்டது, ரசத்துக்குச் சோறு இல்லை. தாரணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சோற்றுத் தட்டோடு ஒருவர் அவர்கள் வரிசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அவள் ஒரு பிடி சோறு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. அம்மா எத்தனை வருஷம் தட்டோடு பின்னால் அலைந்து, ஒரு தடவை கேளேன், கேட்டால் போதும் என்று கெஞ்சியிருக்கிறாள். "ஏனுங்கண்ணா" என்று தாரணி கூப்பிட்டாள். அவர் நின்றார். "எனக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க." பக்கத்தில் அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவர் வந்து போட்டார், போதுமா என்று கேட்டார். தாரணி இலையைப் பார்த்து யோசித்து, இன்னொரு கரண்டி என்றாள்.